கதவுத் தகரம்

என் கணவர் கார் வாங்கிய வருஷம் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கார் கிடையாது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து, நடுக்கடலில் நின்ற கப்பல்கள் கரைக்கே வந்து கட்ட ஆரம்பித்திருந்த சமயம் அது. அவர் கிளியரிங் ஏஜென்ட். கப்பலில் வந்திறங்கிய சரக்கை அதிகாரிகளிடம் காட்டி, வேண்டிய கையெழுத்தையெல்லாம் வாங்கி, வெளியே எடுத்துக் கொடுக்கிற தொழில். துறைமுகம் வளர வளர அவரும் வளர்ந்தார். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்ற பழைய கறுப்புக் காரை வாங்கி, புது டயர் போட்டு, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கதவை முட்டியால் தட்டிக் காட்டுவார். "கேளுங்க சத்தத்த. அத்தனையும் இரும்பு. லாரி வந்து மோதுனாலும் லாரிதான் ஒடுங்கும்." வந்தவர்களும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையாட்டுவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான் நாசரேத்தில் பிறந்தவள். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வந்தவளுக்கு அந்தப் பின் சீட்டு ஒரு தனி அறை மாதிரி இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே இருக்கிற எதுவும் நம்மைத் தொடாது என்று தோன்றும்.

அவருடைய கதவுப் பைத்தியம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யார் இறங்கினாலும் கதவைச் சாத்தியது சரியாக விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார். பாதி விழுந்திருந்தால் திட்டு விழும். அவருடைய தங்கை, என் நாத்தனார், இதை நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். பி.யூ.சி. முடித்திருந்தாள். நன்றாகப் பாடுவாள், கோயில் பாடகர் குழுவில் அவள் குரலைத் தனியாக அடையாளம் சொல்லலாம். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அங்கே இருந்த ஒரே துணை அவள்தான். "மதினி, மதினி" என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே அலைவாள்.

அவளுக்குச் சாத்தான்குளத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் வங்கியில் வேலை. கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்து முடிந்திருந்தது. அந்த வாரத்தில்தான் என் வீட்டாரைக் கல்யாணத்துக்கு அழைக்க நாங்கள் மூன்று பேரும் காரில் நாசரேத்துக்குப் போனோம். அவசரநிலை அமலில் இருந்த காலம். ஐப்பசி மழை. என் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினோம்.

அவர் ஓட்டினார். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் என் அம்மா கொடுத்துவிட்ட பலகாரக் கூடை. பின்னால் வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழையகாயல் வந்ததும் மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் உப்பளம். மழை மாதத்தில் அங்கே வேலை கிடையாது, ஆளும் கிடையாது. உப்புக் குவியல்களைப் பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவள் கண்ணாடியில் மூச்சை ஊதி ஊதி விரலால் ஏதோ எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தாள். மாப்பிள்ளையின் பெயராக இருக்கும் என்று நான் கேலி செய்தேன்.

அந்தக் கடற்கரை அப்போது கெட்ட பெயர் வாங்கியிருந்தது. அக்கரையிலிருந்து வள்ளத்தில் வரும் கைக்கடிகாரம், துணி, தங்கம் எல்லாம் கரையேறி, கார்களில் மதுரைக்குப் போகிறது என்று ஊரே பேசியது. அப்படிப் போகிற கார்கள் கறுப்பாக இருக்கும் என்றும் பேச்சு. அதைப் பிடிக்கக் காக்கி உடுப்புக்காரர்கள் ஜீப்பில் மறைந்து நிற்பார்கள். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நமக்கென்ன என்றுதான் இருந்தோம். நாங்கள் பலகாரக் கூடையோடு போகிறவர்கள்.

இடது பக்கம் ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஜீப் நின்றிருக்கிறது. ஒருவன் ரோட்டோரம் வந்து கையைக் காட்டியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இடது பக்கத்துத் துடைப்பான் அன்று சரியாக வேலை செய்யவில்லை, கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் தாண்டியதும் பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

"டயர் போச்சு," என்றார் அவர். ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினார்.

நிறுத்தியபோதுதான் நாங்கள் ஜீப்பைப் பார்த்தோம். உப்பளத்து வரப்புப் பாதையில் ஓடி வந்து, எங்களுக்கு இடது பக்கம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் அகலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவன் முழங்காலைத் தரையில் ஊன்றித் துப்பாக்கியைத் தூக்கினான். அந்த மழையில், அந்த வெள்ளைக் குவியல்களுக்கு நடுவில், அவன் ஏதோ படம் எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். எனக்குப் பயம் வருவதற்குள் முன் கதவு திறந்தது.

அவர் இறங்கினார். வலது பக்கமாக இறங்கி, கதவைச் சாத்தினார். பாதி அல்ல, நன்றாக, 'டப்' என்று விழும்படி சாத்தினார். பிறகு குனிந்து ஓடி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பானெட்டுக்கு மேலே அவர் தலைமயிர் ஒரு கணம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

"குனிங்க! குனிங்க!" என்று அங்கிருந்து கத்தினார்.

நாங்கள் குனிந்தோம். வேறு என்ன செய்யத் தெரியும்? அவள் முகத்தைக் கதவில் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, சீட்டில் சுருண்டாள். கதவு இரும்பு என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். இரண்டு குண்டுகள் வந்தன. ஒன்று முன்னால் எங்கோ பட்டு, பாத்திரக்கடையில் அண்டா விழுந்த மாதிரி சத்தம் எழுப்பியது. மற்றதற்குச் சத்தமே இல்லை. யாரோ விரலால் கதவைச் சுண்டிய மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அவள் "மதினி" என்றாள். ஏதோ கேட்கப் போகிறவள் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். பார்த்தால் இடது தொடைக்குக் கீழே பாவாடைத் துணி கறுத்துக்கொண்டே வந்தது.

அதன் பிறகு நான் போட்ட கூச்சல் எனக்கே நினைவில்லை. கூச்சல் கேட்டுத்தான் சுடுவதை நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். காக்கிக்காரர்கள் ஓடி வந்து, கதவைத் திறந்து, உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தார்கள். ஒருவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். என் சேலையைக் கிழித்து அவள் காலில் இறுக்கிக் கட்டினேன். அவர்கள் ஜீப்பிலேயே அவளைத் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் கணவர் முன்னால் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக, "மெதுவா போ, மெதுவா போ" என்று ஜீப் ஓட்டுகிறவனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வேகமாகப் போகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் துப்பாக்கிக்காரப் பையன் என்னிடம் வந்தான். சின்ன வயசு. உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, வேணும்னு செய்யல. மொத வெடி மேல பாத்துதான் வச்சோம். வண்டியும் நின்னுட்டு. நாங்க நடந்து வாரதாத்தான் இருந்துச்சு. டிரைவர் இறங்கி ஓடுனதும் கடத்தல்காரன்தான்னு முடிவு பண்ணிட்டோம். அவரு இறங்காம இருந்திருந்தா சுட்டிருக்க மாட்டோம்க்கா."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது. சுவரில் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற அப்பா, சிரிக்கிற அம்மா, இரண்டு பிள்ளைகள். அவ்வளவு நேரம் வாசிக்க அதில் எதுவும் இல்லை.

மறுநாள் ஓர் அதிகாரி வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட். பழக்கூடை கொண்டுவந்திருந்தார். என் கணவரை ஓரமாக அழைத்துப் பேசினார். நான் கூடவே போய் நின்றேன்.

"நடந்தது நடந்துபோச்சு சார். காலம் இப்ப எப்படின்னு உங்களுக்கே தெரியும். பேப்பர்ல வராது. கேஸ்னு போனா எங்கயும் நிக்காது. நீங்க துறைமுகத்துல தொழில் பண்ணுதிய. தினமும் நாலு இடத்துல கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். எதுக்குக் கசப்ப வளக்கணும்?"

"நீங்க எந்த இலாகா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கணவரிடம் திரும்பி, "வீட்டம்மா டீச்சரா?" என்றார்.

"ஆமா," என்றார் என் கணவர். அத்துடன் எல்லாம் முடிந்தது. போலீசைக் கேட்டால் நாங்கள் இல்லை என்றார்கள். மற்ற இடங்களில் கேட்க ஆள் இல்லை. அந்த ஜீப் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காக்கி எல்லாம் ஒரே நிறம்.

அவளுடைய செருப்பு காரிலேயே கிடந்துவிட்டது. எடுத்து வருகிறேன் என்று ஒருநாள் பள்ளி விட்டதும் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். செருப்பு ஒரு சாக்குதான். எனக்கு அந்தக் கதவைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைக் கழற்றி, உள்பக்க ரெக்சினை உரித்து, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியே ஒரு தகரம், உள்ளே ஒரு தகரம், நடுவில் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கம்பிகள், மீதியெல்லாம் வெறும் காற்று. வெளித் தகரத்தில் துளை சின்னதாக, சுத்தமாக இருந்தது. என் சுண்டுவிரல் அதில் போயிற்று. உள்பக்கத்தில் கிழிந்து பிதுங்கியிருந்தது. கட்டைவிரலால் தகரத்தை அமுக்கினேன். உள்வாங்கியது. விட்டதும் 'டொக்' என்று பழையபடி வந்தது. எங்கள் சமையற்கட்டில் அரிசி வைக்கிற டின்னும் அப்படித்தான் செய்யும். சீட்டுக்குள்ளும் பார்த்தேன். தேங்காய் நாரும் சுருள் கம்பியும். அதையும் துளைத்துவிட்டு அந்தக் குண்டு அடிப்பலகையில் போய்த்தான் நின்றிருக்கிறது. நடுவில் அவள் தொடை எலும்பு இருந்தது.

முன்னால் பட்ட குண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பானெட்டின் பக்கத் தகரத்தைக் கிழித்து, என்ஜினில் பட்டு, நசுங்கிக் கீழே விழுந்திருந்தது. என்ஜினில் ஒரு கீறல், அவ்வளவுதான். அந்த என்ஜினுக்கு அந்தப் பக்கம்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு போடும்போது கேட்டேன்.

"என்ஜினுக்குப் பின்னால போய் இருந்தியளே, அது நிக்கும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். காலேஜ்ல என்.சி.சி.ல சொல்லித் தந்தாவ. வண்டியில குண்டு ஏறாத எடம் என்ஜினும் சக்கரமும்தான். கதவு, டிக்கி எல்லாம் சும்மா மறைப்பு. ஆளு தெரியாது, அவ்வளவுதான். குண்டு வரும்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப எங்களையும் அந்தப் பக்கமா இறங்கச் சொல்லியிருக்கலாமே. எனக்குப் பக்கத்துல கதவு இருந்துச்சே. நான் அவளையும் இழுத்துக்கிட்டு வந்திருப்பேனே."

"நேரம் எங்க இருந்துச்சு?"

"கதவைச் சாத்த நேரம் இருந்துச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எந்தக் கதவு?" என்றார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை என்று நான் நம்ப முயன்றேன். பழக்கத்தில் கை செய்திருக்கும். அவரை மன்னிக்க எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டது என் காது. அதை என்ன செய்வது?

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஜெபம் பண்ணினார். "பிள்ளைக்கு மொதல்ல கால் சரியாகட்டும், பெறவு பாப்போம்" என்றார். பெரிய ஆப்பிள் நாலு வாங்கி வந்திருந்தார். அதன் பிறகு யாரும் வரவில்லை. அடுத்த பங்குனியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்ததை நாங்கள் வெளியாள் சொல்லிக் கேள்விப்பட்டோம். என் மாமியார் என்னை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உன் ஊருக்குப் போகாம இருந்திருந்தா." அந்த வார்த்தையை முடிக்காமலே விட்டார். முடிக்காமல் விட்டதால் அது வருஷக்கணக்கில் அந்த வீட்டில் கிடந்தது.

அவள் கட்டு பிரித்தபோது இடது கால் வலது காலைவிடக் கட்டையாகியிருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்து பழகினாள். ஒரு சாயங்காலம் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"மதினி, அண்ணன் இறங்குனப்ப கதவ மூடுனத நீங்க பாத்தியளா?"

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. "பாத்தேன்," என்றேன்.

"நான் பாக்கல. சத்தம்தான் கேட்டேன். ஒருவேளை எனக்கு அப்படித் தோணுச்சோன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"தோணல. மூடத்தான் செஞ்சாவ."

"சரி," என்றாள். "பின்னலை இறுக்கிப் போடுங்க. அவுந்து அவுந்து போவுது."

அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவே இல்லை.

கதவின் துளையை அடைத்து, தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துக் காரைக் கொண்டுவந்தார்கள். எங்கே துளை இருந்தது என்று தெரிந்தவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. சில மாதங்களில் அதைத் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றார். அவர் கல்யாணச் சவாரிக்கு விடுகிறவர். வந்தவரும் கதவைத் தட்டிப் பார்த்தார், "நல்ல கட்டி" என்றார். என் கணவர் ஆமாம் என்றார். உலகத்தில் எல்லாக் கார்க் கதவும் அதே தகரம்தான். அந்த ஒரு காரை மட்டும் குற்றம் சொல்லி என்ன? புதுசாக வெள்ளைக் கார் வாங்கினார். நான் பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போனேன். ஏன் என்று கேட்டார்கள். பஸ்தான் பள்ளி வாசலில் நிற்கிறது என்று சொன்னேன்.

அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து, விளாத்திகுளத்தில் வேலை வாங்கிக்கொண்டு போனாள். கரிசல் காடு, தண்ணீர்க் கஷ்டம், தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கேயே பார்க்கலாமே என்று நான் கெஞ்சியதற்கு, "அங்கன யாருக்கும் என்னய முந்தியே தெரியாது மதினி, நான் பொறக்கும்போதே இப்படித்தான்னு நெனச்சுக்கிடுவாவ," என்றாள். அங்கே பாடகர் குழுவில் சேர்ந்தாளா என்று ஒருமுறை கேட்டேன். ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள்.

அவசரநிலை போனது, சர்க்கார் மாறியது, மூடியிருந்த வாய்கள் திறந்தன. என் கணவருடைய வாயும் திறந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நசுங்கிய குண்டை மேசை டிராயரில் வைத்திருந்தார். எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் காட்டுவார். எப்படி ஒரு நொடியில் யோசித்தார், எப்படி என்ஜினை நடுவில் வைத்துக்கொண்டார், என்.சி.சி. பயிற்சி எப்படி உயிரைக் காப்பாற்றியது. அவர் நல்ல பேச்சுக்காரர். கேட்பவர்கள் "புத்திதான் சார் மனுஷனக் காப்பாத்தும்" என்பார்கள். அந்தப் பையன் வராந்தாவில் சொன்னது மட்டும் கதையில் வராது. நான் காப்பி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் வந்திருந்தாள். சென்னையிலிருந்து கப்பல் கம்பெனி ஆள் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கதை ஆரம்பமானது. அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. அவள் இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கதை முடிந்ததும் அந்த அம்மாள், "பின்னால யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"தங்கச்சியும் இவளும் இருந்தாங்க. தங்கச்சிக்குக் கால்ல லேசா பட்டுது."

அவள் வெளியே வந்தாள். அவள் நடையை அந்த அம்மாள் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணா, குண்டு எங்க ஏறும், எங்க ஏறாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரல். "எங்ககிட்ட குனிங்கன்னு சொன்ன. இறங்குங்கன்னு சொல்லல. ஏன்னு ஒருநாளும் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. ஆனா லேசா பட்டுதுன்னு மட்டும் இனி சொல்லாத."

விருந்தாளி தம்ளரைக் கீழே வைத்தார். என் கணவர் குண்டை டிராயருக்குள் போட்டுச் சாவியைத் திருப்பினார். அப்புறம் சரக்குக் கட்டணம் பற்றிப் பேச்சுத் திரும்பியது. மறுநாள் லீவு முடிவதற்கு முன்பே அவள் விளாத்திகுளம் பஸ் ஏறினாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சாவியை எடுத்தார். நானும் அவளும் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தோம்.

கொஞ்ச நாள் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. அவருக்கு உறைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது முன்னறையில் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், குண்டு அவர் கையில் இருந்தது. பழைய கதைதான். மழை, உப்பளம், ஜீப், என்ஜின். ஆனால் இப்போது அவர் அந்தக் காரில் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தார். பின் சீட்டில் யாரையும் ஏற்றவில்லை.

"நல்ல வேளை சார், வீட்டு ஆளுங்க யாரும் கூட வரல," என்றார் ஒருவர்.

"ஆமா," என்றார் அவர். என்னைப் பார்த்து, "காப்பி கொண்டா," என்றார்.

நான் உள்ளே போய்ப் பால் வைத்தேன்.